செபத்தின் பின்பாதி

அன்புள்ள சிநேகிதனே,

அடுத்த வீட்டுக் குசினியில் கடலை தாளிக்கிறார்கள். கடுகு வெடித்து, செத்தல் மிளகாய் கறுத்து, தேங்காய்ச் சொட்டு வதங்குகிற மணம் வேலியைத் தாண்டி வந்து, சாய்மனைக் கதிரையில் கிடக்கிற என்னைச் சட்டையில் பிடித்துத் தூக்கி இருத்துகிறது. இந்த மணத்துக்கு எழும்பாத கத்தோலிக்கன் திருகோணமலையில் இன்னும் பிறக்கவில்லை. பிறந்திருந்தால் அவனுக்கு ஞானஸ்நானத் தண்ணீர் தலையில் படாமல் தோளில் பட்டிருக்க வேண்டும். செபமாலை மாதம் தொடங்கிவிட்டது. பொழுதுபடுகிற நேரத்தில் மாதாவின் சுரூபம் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வீட்டுக்குப் போகிறது. செபம் முடிந்தால் கடலையும் பிளேன்ரீயும்.

நீ போன இடத்தில் கடலை உண்டோ தெரியாது. இல்லையென்றால் அந்த இடத்தை மோட்சம் என்று சொல்வதில் எனக்குச் சில ஆட்சேபங்கள் உண்டு. நேரில் வந்து தெரிவித்துக்கொள்வேன். அவசரமில்லை.

உன்னைச் சேமக்காலையில் மண்ணுக்குள் விட்டுவிட்டு வந்து ஒரு மாரி கழிந்துவிட்டது. இவ்வளவு நாளும் எழுதவில்லை. நான் சொல்வதில் பாதியைத்தான் நம்பவேண்டும் என்று நீ ஊருக்கே அறிவித்து வைத்தவன். எந்தப் பாதி என்று மட்டும் சொல்லாமல் போய்விட்டாய். ஆகையால் நானே சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தில் யானை வருகிற இடத்தைத் தள்ளிவிட்டு மிச்சத்தை நம்பலாம்.

நாங்கள் துறைமுகத்தில் வேலை செய்த காலத்தை நினைத்துக்கொள்கிறேன். வெள்ளைக்காரன் தன் கடற்படையைக் கூட்டிக்கொண்டு போய்ச் சில காலம் ஆகியிருந்தது. துறைமுகத்தையும் பாயைப்போலச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போகத்தான் பார்த்தான், ஆழம் கூடினதால் சுருட்ட ஏலாமல் விட்டுவிட்டான் என்று புதிதாக வேலைக்கு வருகிற ஒவ்வொருவனுக்கும் நான் சொல்லுவேன். நீ வின்ச்காரன். கப்பலின் வயிற்றிலிருந்து கோதுமை மா மூட்டைகளைத் தூக்கிப் பக்கத்தில் நிற்கிற பார்ஜ் என்ற தட்டைப் படகில் இறக்குகிறவன். நான் பார்ஜில் நின்று உனக்குக் கை காட்டுகிறவன். நான் கை காட்டாவிட்டால் இலங்கைத்தீவு முழுவதும் பாணில்லாமல் பட்டினி கிடக்கும் என்பது என் கருத்து. என் கையை நீ பார்ப்பதே இல்லை என்பது உன் கருத்து.

அப்படியான ஒரு வேலை நாளில்தான் உன் ஐயா போய்விட்டார் என்ற செய்தி வந்தது. அவர் அக்கரையில், மூதூரில், தன் மூத்த மகனான உன் அண்ணரோடு இருந்தவர். இரண்டு பேருமாக இறங்குதுறைக்கு ஓடினோம். வாடைக்காற்று. கொட்டியாரக் குடா கொதித்துக்கொண்டு கிடந்தது. குடாவைக் கடக்கிற லோஞ்ச் ஓடாது என்றார்கள். நீ ஓடும் என்றாய். மத்தியானம்வரை மழையில் நின்று, காற்றுச் சற்றுத் தணிந்ததும் ஏறினோம். அக்கரையில் இறங்கி உன் அண்ணர் வீட்டு ஒழுங்கையில் திரும்பியபோது சனம் அவரை அடக்கிவிட்டுச் சேமக்காலையிலிருந்து வந்துகொண்டிருந்தது.

உன் அண்ணர் நனைந்த வேட்டியோடு வந்து உன் முன்னால் நின்றார். "இண்டைக்கு லோஞ்ச் இல்லை எண்டு சொன்னவை. சுவாமியாரும் அங்கால ஒரு அடக்கத்துக்குப் போகவேணுமெண்டார்" என்றார். நீ அவரைத் தாண்டிக்கொண்டு நடந்தாய். சேமக்காலைக்குப் போனாய். ஈரமண் குவிந்து கிடந்தது. அதன்மேல் மழைத் தண்ணீர் சின்ன வாய்க்கால் வெட்டிக்கொண்டு ஓடியது. திரும்பி வருகிறபோது லோஞ்சில் ஒரே ஒரு கதைதான் சொன்னாய்.

"லோஞ்ச் வருமெண்டு ஊருக்குத் தெரியாமலிருக்கலாம், மச்சான். நான் வருவன் எண்டு அண்ணருக்குத் தெரியவேணும்."

அதற்குப் பிறகு நீ குடாவைக் கடக்கவில்லை. 'அண்ணர்' என்ற சொல்லும் உன் வாயிலிருந்து காணாமல்போயிற்று.

அடுத்த செபமாலை மாதத்தில் ஊர் ஓர் அதிசயத்தைக் கண்டது. அதுவரைக்கும் செபத்துக்குப் பிந்தி வந்து வாசலோடு முழந்தாளிடுகிற நீ, எல்லாருக்கும் முதல் போய் சுரூபத்தடியில் இடம் பிடித்தாய். செபத்தை முன்னுக்குச் சொல்லுகிற வேலையை எடுத்துக்கொண்டாய். எங்கள் வழக்கம் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கடிதத்தை என் மருமக்கள் களவாக வாசிப்பார்கள், அவர்களுக்காகச் சொல்லுகிறேன். செபமாலையில் ஒருவர் முன்னுக்குச் சொல்ல, மற்றச் சனம் பின்னுக்குச் சொல்லும். ஆண்டவர் கற்பித்த பரலோக மந்திரமும் அப்படித்தான் இரண்டாகப் பிரியும். முன்பாதி ஒருவருக்கு, பின்பாதி எல்லாருக்கும்.

ஒரு நாள் சொன்னாய், இரண்டு நாள் சொன்னாய், பிறகு விடவே இல்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் நீதான். வீட்டுக்காரர் தொண்டையைச் செருமி ஆயத்தமாகிறதற்குள் நீ சிலுவை அடையாளம் போட்டுத் தொடங்கிவிடுவாய். எங்கள் கோவிலின் அறிவிக்கப்படாத மேற்றிராணியார் மாகிறேற் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னா: "தேப்பன் செத்த துக்கத்தில மனுசன் மாதாவின்ர முந்தானையைப் பிடிச்சிட்டுது. இப்பிடியும் ஒரு பக்தியோ."

எனக்கு அது பக்தியாகத் தெரியவில்லை. உன்னுடைய பக்தியை நான் அறிவேன். அது சத்தம் போடாத சாதி.

ஒரு மாலை உனக்குத் தொண்டை அடைத்துப்போயிருந்தது. மாத்தூசி குடித்த தொண்டை. வாயைத் திறந்தால் கிணற்றுத் தவளை பேசியது. ஆனாலும் நீதான் முன்னுக்குச் சொன்னாய். மரியாளின் ஒவ்வொரு வாழ்த்தும் மண்வெட்டி கல்லில் படுகிறதுபோல வந்தது. மாதாவின் சுரூபமே தலையைத் திருப்பிப் பார்த்ததாக நான் பிறகு எல்லாருக்கும் சொன்னேன். அடுத்த நாள் தேத்தண்ணி நேரத்தில் உன்னைப் பிடித்தேன்.

"உனக்கென்ன, மாதா தனிச் சம்பளம் தாறாவோ?"

"தந்தாலும் உனக்குப் பங்கில்லை."

"தொண்டை கிழிஞ்சு தொங்குது. ஒரு நாளைக்கு ஆரும் வேற ஆள் சொன்னா என்ன?"

நீ கோப்பையைக் கீழே வைத்தாய். பிறகு, "முன்னுக்குச் சொல்லுறவன் பரலோக மந்திரத்தில எதுவரைக்கும் சொல்லுவான்?" என்று கேட்டாய்.

"பூலோகத்திலும் செய்யப்படுவதாக எண்டதுவரைக்கும்."

"மிச்சம்?"

"சனம் சொல்லும்."

"சனம் என்ன சொல்லும்? மெல்லமாச் சொல்லிப் பார்."

நான் மனத்துக்குள் சொல்லிக்கொண்டு போனேன். அன்றன்றுள்ள உணவு வந்தது. அடுத்தது வந்தது: எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பதுபோல. அந்த இடத்தில் நான் நின்றுவிட்டேன்.

"அதுதான்" என்றாய். "அந்த வரி என்ர வாயால வராது. முன்னுக்குச் சொன்னா அது எனக்கில்லை."

நான் சிரித்தேன். சிரித்திருக்கக்கூடாத நேரம், ஆனால் திருச்சபை தொடங்கின நாள் தொட்டு இப்படி ஒரு ஒளிப்பிடத்தை ஒருவனும் கண்டுபிடித்திருக்கமாட்டான். "அட விசரா, உலகம் முழுக்க அதைச் சொல்லுது. மனசோடயா சொல்லுது? நீயும் வாய்க்கு வந்தபடி சொல்லிப்போட்டுக் கடலையைத் தின்னன்."

"உலகம் சொல்லட்டும். நான் மூதூரில இருக்கிறவரை மன்னிக்கேல்லை. நான் மன்னிக்கிற மாதிரி என்னையும் மன்னியும் எண்டு கேட்டா என்ன அர்த்தம்? என்னை மன்னிக்க வேண்டாமெண்டு நானே போய் மனுக் குடுக்கிறதோ? ஆரோட பொய் சொன்னாலும் கடவுளோட சொல்ல ஏலாது."

அந்தச் செபத்தை நான் எத்தனை ஆயிரம் தரம் சொல்லியிருப்பேன். அது என்ன கேட்கிறது என்று ஒரு தரமும் காது கொடுத்ததில்லை. நீ சொல்லாமல் விட்டதால்தான் எனக்குக் கேட்டது.

உன்னுடைய ஒளிப்பிடம் சில வருடங்கள் நல்லபடி நடந்தது. ஞாயிற்றுப் பூசையிலும் உனக்கு ஆபத்தில்லை. அதுவரை நாங்கள் சுவாமியாரின் முதுகைப் பார்த்து வளர்ந்த கிறிஸ்தவர்கள். அவர் அந்தப் பக்கம் திரும்பி நின்று லத்தீனில் ஏதோ கதைப்பார். லத்தீன்தான் கடவுளின் வீட்டுப் பாஷை என்று நான் நம்பியிருந்தேன். பிறகு ஒரு நாள் பீடம் முன்னுக்கு வந்தது. சுவாமியார் எங்கள் பக்கம் திரும்பினார். பூசை தமிழில் வந்தது. ஊர் சந்தோசப்பட்டது, நான் மெத்தச் சந்தோசப்பட்டேன். உன் முகத்தைப் பார்த்தேன். உலக யுத்தத்தில் வெடிகுண்டு விழப்போகிறது என்று அறிவித்த காலத்தில்கூட ஊரில் ஒரு முகமும் அப்படி இருக்கவில்லை. இப்போது பரலோக மந்திரத்தைக் கோவில் முழுவதும் சேர்ந்து, முதலிலிருந்து முடிவுவரை, உரத்துச் சொல்லவேண்டும். முன்பாதி பின்பாதி இல்லை.

முதல் ஞாயிறு. எனக்குப் பக்கத்தில் நீ. பூலோகத்திலும் செய்யப்படுவதாக என்பதுவரை உன் குரல் தூணைப்போல நின்றது. அந்த வரிக்கு வந்ததும் தூணைக் காணவில்லை. நீ கண்ணை மூடிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு, காது சிவக்க நின்றாய். பூசை முடிந்து வெளியே வந்ததும் மாகிறேற் அக்கா பெண்களுக்குச் சொல்லுகிறா: "பாத்தனீங்களே? பரலோக மந்திரத்தில மனுசன் உருகிப்போய் நிண்டது. வாயே வரேல்லை. இவரைத்தான் அடுத்த மூப்பராய்ப் போடவேணும்."

கோவில் காரியங்களுக்குத் தலைவராக நிற்கிற மூப்பர். அந்தப் பேச்சு ஒரு கிழமையில் ஊர் முழுக்கப் பரவியது. பாராட்டுகிறவர்களைக் கண்டு நீ ஒழுங்கை மாறி நடந்தாய்.

"கள்ளன் மச்சான் நான்" என்றாய் என்னிடம். "சனம் கள்ளனுக்குக் கிரீடம் வைக்கப் போகுது. இனி ஒளிக்க இடமில்லை. ஒண்டில் அந்த வரியைச் சொல்லவேணும், இல்லாட்டில் கோவிலுக்கு வாறதை விடவேணும்."

நீ கோவிலை விடுகிறவனில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் பொய் சொல்லுகிறவனுமில்லை. அதனால்தான் பயந்தேன்.

தவக்காலம் தொடங்குகிற விபூதித் திருநாளுக்கு முந்தின சனிக்கிழமை நீ சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாய். நான் வேப்பமரத்தடியில் காத்திருந்தேன். நீ உள்ளே இருந்த நேரத்துக்குள் ஒருவன் பாவம் செய்துவிட்டு வந்து மறுபடி வரிசையில் நிற்கலாம். வெளியே வந்தபோது உன் முகத்தில் சிரிப்புமில்லை, துக்கமுமில்லை.

"என்ன சொன்னார்?"

"பாவசங்கீர்த்தனத்தில கதைச்சதை வெளியில சொல்லக்கூடாது."

"அது சுவாமியாருக்கு. உனக்கில்லை."

"நீ வேதசாத்திரம் படிச்சனீயோ?" என்று கேட்டுக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தாய். பிறகு சொன்னாய்: "ஏலாது எண்டா ஏலாது எண்டு சொல்லச் சொன்னார். அந்த வரி வாற இடத்தில பேசாமல் நிக்காமல், 'ஆண்டவரே, எனக்கு ஏலாது' எண்டு சொல்லட்டாம். அதுவும் செபம்தானாம்."

"அவ்வளவுதானோ?"

"மிச்சம் நான் யோசிச்சது. புது வின்ச்சில முதல் நாளே முழுப் பாரத்தைப் போடுறமோ? கம்பி அறுந்துபோம். சின்னச் சின்னதாய்த் தூக்கிப் பழக்குவம்."

அந்தத் தவக்காலத்தைப்போல ஒன்றை இந்தத் துறைமுகம் பிறகு காணவில்லை. நீ மன்னிக்கத் தொடங்கினாய். உன்னைக் கண்டபடி ஏசிய ஓவசியரை மன்னித்தாய். அது சுகம், அவர் எல்லாரையும் ஏசுகிறவர். உன் சாப்பாட்டுப் பார்சலிலிருந்து பொரித்த சூடை மீனைத் தூக்கிக்கொண்டு பறந்த காகத்தை, அண்ணாந்து பார்த்து, "போ, உன்னையும் மன்னிச்சன்" என்றாய். உன் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் காகத்தின்மேல் பழி போட்ட என்னை, காகத்தைவிடக் கொஞ்சம் கூடப் பாடுபட்டு மன்னித்தாய். குருத்து ஞாயிறன்று சுவாமியார் மந்திரித்துத் தந்த குருத்தோலையை வீட்டுக்குக் கொண்டுபோகு முதல் பக்கத்து வீட்டு ஆடு தின்றுவிட்டது. நீ தடியை எடுத்தாய், ஓங்கினாய், பிறகு கீழே போட்டாய். "இனி அதுவும் ஒரு ஆசீர்வதிக்கப்பட்ட ஆடு" என்று நான் சொன்னதற்கு என்னையும் மன்னிக்க வேண்டி வந்தது.

தம்பலகாமத்தில் உன் மச்சாளின் வாழைகளை யானை உழக்கிவிட்டுப் போனபோது, நீ அந்த யானையை மன்னித்த செய்தி அதன் காதுக்கு எட்டி, அது வெட்கப்பட்டுக் கந்தளாய்க் குளத்தில் கழுத்துவரை இறங்கி மூன்று நாள் நின்றதாக நான் ஊருக்குச் சொன்னேன். நீ சிரிக்கவில்லை. "யானை எனக்கு ஒண்டும் செய்யேல்லையே. மச்சாளுக்கெல்லோ செய்தது. அவள் மன்னிக்கவேண்டியதை நான் எப்பிடி மன்னிக்கிறது?" என்றாய். நான் யானையை விட்டது பகிடிக்கு. நீ அதற்குள்ளும் ஒரு நியாயத்தைக் கண்டுபிடித்துத் திருப்பித் தந்தாய்.

எல்லா நாளும் பாரம் எழும்பவில்லை. ஒரு நாள் மூதூர்க்காரன் ஒருவன், "உங்கட அண்ணருக்கு இந்தமுறை நல்ல விளைச்சல்" என்று சும்மா சொல்லிவிட்டுப் போனான். அன்று முழுவதும் நீ மூட்டைகளை பார்ஜில் இறக்கவில்லை, போட்டாய். வேலை முடிந்து போகிறபோது, "இண்டைக்கு எல்லாம் கீழ விழுந்துபோச்சுது மச்சான். முதலில இருந்து தொடங்கவேணும்" என்றாய். பொய் எனக்கு எப்போதும் கை கொடுக்கும்; அன்றைக்கு அதுவும் வரவில்லை. உன் சைக்கிளை வாங்கி உருட்டிக்கொண்டு கூடவே நடந்தேன்.

உயிர்ப்புத் திருநாள் கழிந்த கிழமை, கடல் எண்ணெய் ஊற்றினதுபோலக் கிடந்த ஒரு காலையில், நீ என் வீட்டு வாசலில் வந்து நின்றாய். வெள்ளைச் சட்டை. தலைக்கு எண்ணெய். கையில் ஒரு கதலிக் குலை.

"வாறியோ? மூதூருக்கு."

என் மனைவி திரேசம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, என்னைக் கண்ணால் துரத்தினாள். கோப்பையை வைத்துவிட்டு வந்தேன்.

லோஞ்சில் சுக்கான் பிடிக்கிற காசிம் நானா உன்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்ன, கலியாணக் காரியமோ?"

"அண்ணரைப் பார்க்க" என்றாய். எத்தனை வருடத்துக்குப் பிறகு அந்தச் சொல்.

"நல்லம், நல்லம். லோஞ்ச் அங்க வாற நேரம் அவர் சில நாளில இறங்குதுறையில நிக்கிறவர். ஆரும் வந்திருக்கினமோ எண்டு பார்ப்பார். ஒண்டும் கேக்க மாட்டார். பாத்திட்டுப் போயிடுவார்."

அக்கரை வரும்வரை நீ கதலிக் குலையை மடியில் வைத்துக்கொண்டு அந்த இறங்குதுறையையே பார்த்தாய். நான் கதைக்காமல் குடாவைக் கடந்தது சரித்திரத்தில் அந்த ஒரு தரம்தான்.

அன்று உன் அண்ணர் இறங்குதுறையில் இல்லை. வயலிலிருந்து வந்தபோது முற்றத்தில் உன்னைக் கண்டார். மண்வெட்டியைச் சுவரோடு சாத்தினார். "வா" என்றார். என்னைப் பார்த்து, "இருங்கோ" என்றார். அவ்வளவுதான். அண்ணியார் கதிரைகளை இழுத்துப் போட்டு, கோழியைத் துரத்திப் பிடித்து, ஒரு கல்யாணத்துக்குப் போதுமளவு சமைத்தா. நீங்கள் இரண்டு பேரும் மழையைப் பற்றிக் கதைத்தீர்கள். மாட்டைப் பற்றிக் கதைத்தீர்கள். பிறகு மாட்டின்மேல் பெய்த மழையைப் பற்றிக் கதைத்தீர்கள். இடைவெளியை நிரப்ப, ஒரு திமிங்கிலம் துறைமுகத்துக்குள் வழி தவறி வந்து என்னிடம் வழி கேட்டுக்கொண்டு போன வரலாற்றை நான் எடுத்து விட்டேன். அண்ணர், "ஓமோ" என்றார். திமிங்கிலத்துக்கே 'ஓமோ' என்றால் நிலைமை சரியில்லை என்று விளங்கிற்று. கடைசி லோஞ்சும் போய்விட்டது. ஒருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

பொழுதுபட்டது. அண்ணியார் விளக்கைக் கொளுத்திச் சுவரிலிருந்த சிலுவைக்கு முன்னால் வைத்தா. பாயை விரித்தா. அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீட்டுக்காரர்தான் முன்னுக்குச் சொல்லுவார். அது உன் அண்ணர். அப்படியென்றால் உன்னுடையது பின்பாதி.

அண்ணர் தொடங்கினார். முதலாம் தேவ இரகசியத்தில், மாலையின் முதல் பத்து மணிகளுக்கு முன்னால், பரலோக மந்திரம் வந்தது. அவர் தன் பாதியைச் சொன்னார்; நாங்கள் பின்பாதியைச் சொன்னோம். அந்த வரியில் உன் குரல் இல்லை. உன் உதடு மட்டும் அசைந்தது. 'ஏலாது' என்றுதான் சொல்லியிருப்பாய். அடுத்ததிலும் அப்படித்தான். அதற்கடுத்ததிலும். நான் மாதாவுடன் பேரம் பேசத் தொடங்கியிருந்தேன். இனிப் பொய் சொல்லமாட்டேன் என்றுகூடச் சொல்லிவிட்டேன். மாதா அதை நம்பியிருக்கமாட்டா.

பிறகு ஒரு மந்திரத்தில், நானும் அண்ணியாரும் பின்பாதியைச் சொல்லி ஆமென் சொல்லி முடித்துவிட்டோம். அண்ணர் அடுத்ததைத் தொடங்க மூச்சை எடுத்தார். அந்த இடைவெளியில் உன் குரல் வந்தது. பிந்தி வந்தது, தனியாக வந்தது. நடு வரியிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு சொல்லாக, பாரத்தை ஆட்டாமல் இறக்குகிறதுபோல.

"எங்களுக்குத் தீமை செய்தவர்களை... நாங்கள் பொறுப்பதுபோல..."

சொல்லி முடித்தாய். அண்ணர் எடுத்த மூச்சை விடவில்லை. அவர் விரல் செபமாலை மணியில் நின்றுவிட்டது.

"சொல்லுங்கோவன்" என்றா அண்ணியார் மெல்லமாக.

"எந்த மணியில நிண்டன் எண்டு தெரியேல்லை" என்றார் அண்ணர். அவர் உன்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. சிலுவையைப் பார்த்தபடியே சொன்னார்: "ஐயாவை இன்னும் கொஞ்சம் வைச்சிருந்திருக்கலாம், தம்பி. வைச்சிருந்திருக்க வேணும்."

நீ உன் செபமாலையில் அடுத்த மணியைத் தேடிப் பிடித்தாய். பிறகு, "லோஞ்ச் வருமெண்டு ஆருக்குத் தெரியும்" என்றாய். அதற்கும் பிறகு, "அருள் நிறைந்த மரியே எண்டு தொடங்குங்கோ, அண்ணர். நாங்கள் சொல்லுறம்."

அவர் தொடங்கினார். அன்று ஒரு இரகசியத்தில் மணிகள் கூடிப்போயின என்று நினைக்கிறேன். ஒருவரும் எண்ணவில்லை.

அடுத்த நாள் விடியற்காலையில் நீங்கள் இரண்டு பேரும் சேமக்காலைக்குப் போனீர்கள். என்னையும் கூப்பிட்டாய். நான் வரவில்லை, கோழிக்குத் தீன் போடவேண்டும் என்றேன். அடங்கி இருக்கத் தெரியாதவன் என்று என்னைச் சொல்லுகிறவர்களுக்கு அந்தக் காலையைக் காட்டவேண்டும். நீங்கள் திரும்பி வந்தபோது இரண்டு பேருடைய கையிலும் மண் இருந்தது. புல்லுப் பிடுங்கியிருப்பீர்கள்.

இனி நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அந்த வருடச் செபமாலை மாதத்தில் நீ முன்னுக்குச் சொல்லவில்லை. சுரூபத்தடியை விட்டுப் பழையபடி வாசலோடு வந்து முழந்தாளிட்டாய். மற்றவர்கள் சொல்ல நீ பின்பாதியைச் சொன்னாய். அந்த வரியில் மட்டும் உன் குரல் எல்லாரையும்விட அரை மூச்சுப் பிந்தி வரும். ஊர் ஏமாந்துபோயிற்று. மாகிறேற் அக்கா என் மனைவியிடம் வந்து தாழ்ந்த குரலில் விசாரித்தா: "மனுசனுக்கு என்ன நடந்தது? முந்தின பக்தி இல்லையே. மூப்பராய்ப் போடவெல்லோ இருந்தம். குளிர்ந்துபோச்சுது."

திரேசம்மா என்னைப் பார்த்தாள். நான் கடலையை வாயில் அடைத்துக்கொண்டேன். இதை உனக்குச் சொன்னபோது நீ வின்ச்சை நிறுத்திவிட்டுச் சிரித்தாய். மா மூட்டை அந்தரத்தில் தொங்க, கப்பல்காரன் கத்த, நீ கண்ணில் நீர் வரச் சிரித்தாய். "பாவம் மாகிறேற் அக்கா" என்றாய். "அவவையும் மன்னிக்கத்தான் வேணும்." மூப்பராக வேறு ஒருவர் வந்தார். நல்ல மனிதர். அவர் குரலும் நல்ல குரல்.

நீ போன பிறகு நான் உன்னைப்போல ஆகிவிட்டேன் என்று எழுதினால் அது யானைக் கதையில் சேரும். எனக்கு இன்னும் பல பேரில் கோபம் இருக்கிறது. அதில் சிலதை நான் அன்பாக வளர்த்தும் வருகிறேன். வெற்றிலைக் கடைக்காரனுடன் ஒரு பகை. என் தங்கை புருஷனுடன் ஒரு பகை, அது வயதுக்கு வந்துவிட்டது. நல்ல கிறிஸ்தவன் என்று என்னை ஒருவரும் தவறாக எண்ணிவிடமாட்டார்கள்.

ஆனால் அந்தச் செபத்தை என்னால் இனி ஓடிக்கொண்டு சொல்ல ஏலாது. நீ அதைக் கெடுத்துவிட்டாய். சாப்பிட முதல் சொன்னாலும், கோவிலில் சொன்னாலும், அந்த வரிக்கு வந்ததும் நாக்கு நிற்கிறது. யாரோ ஒரு ஆளை அங்கே கொண்டுவந்து நிறுத்தாமல் மிச்சம் வருவதில்லை. சில நாள் வெற்றிலைக் கடைக்காரனைக் கொண்டுவருகிறேன். அவன் பாரம் குறைவு. தங்கை புருஷனுக்கு, 'ஆண்டவரே, எனக்கு ஏலாது' என்று சொல்லி, அதையே செபமாக வைத்துவிட்டு மேலே போகிறேன். போன ஞாயிறு அவனைப் பாதித் தூரம்வரை கொண்டுவந்துவிட்டேன். அதற்குள் கோவில் முழுவதும் ஆமென் சொல்லி முடித்துவிட்டது. முன் வாங்கிலிருந்த பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். மாமாவுக்கு வயது போய்விட்டது, செபம் மறந்துபோகிறது என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். நான் மிச்சத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.